மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா: இன்சுலின் போடும் அம்மா என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து 63 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகளும் மருமகனும் நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் மகளுக்குப் பிரசவம். அம்மா செப்டம்பர் கடைசியில் கிளம்பி மார்ச் வரை தங்க வேண்டும் என்று டிக்கெட் போடப் போகிறார்கள். கணவர் தோட்டத்தையும் மாட்டையும் விட்டு வர முடியாது என்பதால் தனிப் பயணம். 14 வருடமாகச் சர்க்கரை. காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் என்று 30/70 இன்சுலின், பாட்டில் மருந்து, சிவப்பு மூடி ஊசி. கூடவே மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, வில்டாகிளிப்டின், பிரஷருக்கு சில்னிடிபின். முழங்கால் வலி வந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 8.4. மருமகன் இப்போதே திட்டம் போட்டுவிட்டார்: நவராத்திரிக்கு நண்பர்கள் வீடுகளில் கொலு, பிரசவத்துக்கு முன்பே நயாகரா, தீபாவளி விருந்து, ஜனவரியில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. "போற இடமெல்லாம் சாப்பிடச் சொல்வாங்க, மறுத்தா மாப்பிள்ளை முகம் வாடிப்போகும். சர்க்கரை ஏறி அங்கேயே படுத்துட்டா மகளுக்குத்தானே பாரம்?" என்று பயப்படுகிறார். ஆறு மாத மாத்திரையையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாமா, இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கலாமா, இன்சூரன்ஸ் ஏஜென்ட் "எல்லாமே கவர் ஆகும்" என்கிறாரே, நம்பலாமா, பிரசவ லேகியம், உரை மருந்து, தேன் கொண்டு போகலாமா என்பவை மற்ற கேள்விகள்.

அம்மா, நீங்கள் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயப்படுகிறீர்கள். ஒரு விருந்தில் சர்க்கரை 280 போனால் மறுநாள் இறங்கிவிடும். உங்களுக்கு உண்மையான ஆபத்து விருந்து நாளில் இல்லை. மருமகன் வேலைக்குப் போய், மகள் அசந்து தூங்கி, பிள்ளை உங்கள் மடியில் இருக்கும் சாதாரணப் புதன்கிழமைப் பகலில் இருக்கிறது. 30/70 மருந்தில் 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. காலை 8 மணிக்குப் போட்ட ஊசி, நண்பகலிலிருந்து மாலை 4 மணிக்குள்தான் நன்றாக இழுக்கும். ஊரில் ஒரு மணிக்குச் சோறு உண்டு என்பதால் அது உங்களுக்குத் தெரிவதே இல்லை. அங்கே "பிள்ளை தூங்கட்டும், அப்புறம் சாப்பிடலாம்" என்று இரண்டரை மணி ஆக்கினீர்கள் என்றால் கைநடுக்கம், வியர்வை, கண் இருட்டல். அதுவும் கையில் பச்சைப் பிள்ளையோடு. இரவு 8 மணி ஊசிக்கும் இதே கணக்குத்தான். அது நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை இழுக்கும். நீங்கள் பால் கலக்க எழும் நேரமும் அதுவே.

ஆகவே முதல் ஏற்பாடு இது: பகல் 12.30-க்குப் பிள்ளையை யார் வைத்திருந்தாலும் நீங்கள் சாப்பிட உட்கார வேண்டும். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொல்லக் கூச்சமாக இருக்கும். படுக்கும் முன் ஒரு முறை பார்த்து 100-க்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுப் படுங்கள். இன்சுலினோடு கிளிக்லசைடும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு கூடும்; அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். 8.4-ஐ அமெரிக்கா கிளம்புவதற்குள் அவசரமாக 6.5-க்குக் கொண்டுவர முயல வேண்டாம். அந்த அவசரம்தான் தாழ்சர்க்கரையை இழுத்துவரும். ஏழரைக்குப் பக்கத்தில் வந்தால் போதும்.

மாத்திரை: ஆறு மாதத்துக்கும் கட்டிக்கொள்ளலாமா?

சொந்த உபயோகத்துக்குச் சுமார் 90 நாள் அளவு என்பதே அங்குள்ள பொதுவான கணக்கு. அதற்கு மேல் கொண்டு போனால் கேள்வி வரலாம். டாக்டரின் ஆங்கிலக் கடிதம், மருந்துச் சீட்டு, பில் மூன்றும் கையில் வேண்டும். கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மருந்துகளைக் கம்பெனிப் பெயரோடு வேதிப் பெயரிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். மெடிக்கலில் வெட்டிக் கொடுத்த அரை அட்டைகளை எடுத்துப் போகாதீர்கள். வெட்டிய பக்கத்தில்தான் பெயரும் காலாவதித் தேதியும் போயிருக்கும். முழு அட்டை, ஒரிஜினல் பெட்டி.

"தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்" என்று மகள் சொல்வது பாதிதான் சரி. மெட்ஃபார்மின் அங்கே உண்டு, விலையும் அதிகமில்லை. ஆனால் கிளிக்லசைடு, வில்டாகிளிப்டின், சில்னிடிபின் மூன்றும் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. மேலும் நம் ஊர் டாக்டர் சீட்டைக் காட்டினால் அங்குள்ள பார்மசியில் மருந்து தர மாட்டார்கள். அங்கே ஒரு டாக்டரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். என் யோசனை: கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே, இரண்டு நாட்டிலும் கிடைக்கும் மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். வில்டாகிளிப்டினுக்குப் பதில் சிட்டாகிளிப்டின், சில்னிடிபினுக்குப் பதில் அம்லோடிபின் என்பது போல. அம்லோடிபினில் சிலருக்குக் கால் வீங்கும். அது ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு வாரம் என்கிறேன்.

மூட்டுவலிக்கு நீங்கள் வாங்கும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. நிமசுலைடாக இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அதற்கு அனுமதி இல்லை. அந்த வகை வலி மாத்திரை எதுவானாலும் 14 வருடச் சர்க்கரைக்காரரின் கிட்னிக்கு நல்லதல்ல. பாரசிட்டமால் போதும், அங்கே அதை அசிட்டமினோஃபென் என்பார்கள், டைலனால் என்ற பெயரில் எல்லாக் கடையிலும் இருக்கும்.

இன்சுலின்: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இந்தப் பத்தியை மகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நம் ஊர் பாட்டிலில் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கு ஏற்ற ஊசிக்குச் சிவப்பு மூடி. அமெரிக்காவில் பாட்டில் என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட். ஊசிக்கு ஆரஞ்சு மூடி. உங்கள் சிவப்பு மூடி ஊசியில் 20-வது கோடு என்பது அரை மில்லி. அங்கே வாங்கிய பாட்டிலிலிருந்து அதே கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. ஆம்புலன்ஸ் வர வேண்டிய அளவு. மாறாக, ஊர் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 இழுத்தால் போவது 8 யூனிட்தான்; சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் பிடிபடாது. அங்கே பெட்டியில் 70/30 என்று எழுதியிருக்கும், அதுவும் நம் 30/70-ம் ஒரே கலவைதான். வால்மார்ட் கடைகளில் டாக்டர் சீட்டு இல்லாமலே பல மாநிலங்களில் இது கிடைப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வாங்குவது சுலபம், ஊசியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதை மறப்பதும் சுலபம்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் இப்போதே இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுங்கள். பேனாவில் யூனிட்டைத் திருகி வைப்பதுதான், கோடு பார்க்கும் வேலை இல்லை. நாளுக்கு 32 யூனிட், ஒவ்வொரு முறையும் ஊசிமுனையைச் சோதிக்க 2 யூனிட் வெளியே தள்ளுவதையும் சேர்த்தால் 36. ஒரு பேனாவில் 300 யூனிட். 90 நாளுக்கு 11 பேனா, கைவசம் இரண்டு கூடுதலாக 13. ஊசிமுனைகள் தனி. போடும் முன் உள்ளங்கையில் பத்து முறை உருட்டிப் பால் போல ஒரே சீராக்க வேண்டும் என்பது பேனாவுக்கும் உண்டு. இன்னொன்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீங்கள் போடும் சாதாரண 30/70-ஐச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். சீக்கிரம் வேலை தொடங்கும் 'அனலாக்' வகைக் கலவையைச் சிறிது விலை கூடுதலானாலும் தட்டு முன்னால் வந்த பிறகே போடலாம். விருந்து வீடுகளில் இது எவ்வளவு உதவும் என்று கீழே சொல்கிறேன்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கறையில் உறைந்துவிடக்கூடும், உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சரியாகவே இருந்தாலும் வேலை செய்யாது. பெட்டி காணாமல் போனாலும் சிக்கல். எல்லாமே கைப்பையில், ஜெல் பையோடு. ஆனால் ஜெல் பையை ஒரு துணியில் சுற்றி வையுங்கள், ஐஸ் நேராகத் தொடக்கூடாது. பாதுகாப்புச் சோதனையில் முதலிலேயே சொல்லிவிட்டால் மருந்துக்கு 100 மில்லிக் கட்டுப்பாடு பொருந்தாது. திறக்காத பேனாக்களுக்கு 2 முதல் 8 டிகிரி. திறந்த பேனா வெளியில் இருக்கலாம், எத்தனை நாள் என்பதைப் பெட்டியில் பாருங்கள்.

பயண நாள்

மதுரையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. சென்னையோ வளைகுடாவோ சுற்றிப் போவதில் வீட்டுக்கு வீடு ஒரு நாளுக்கு மேல் ஆகும். மேற்கே போவதால் அந்த நாள் ஒன்பதரை மணி நேரம் நீளும். வழக்கமான இரண்டு ஊசிக்கு நடுவே ஒரு சிறிய கூடுதல் அளவு தேவைப்படலாம். எத்தனை யூனிட், எப்போது என்பதை உங்கள் டிக்கெட்டைப் பார்த்து டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். கைக்கடிகாரத்தை இறங்கும் வரை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவையுங்கள், நாலைந்து மணிக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். 'டயபெடிக் மீல்' என்று சொல்லி வாங்காதீர்கள். பல நேரம் அதில் சோறோ ரொட்டியோ போதாது, இன்சுலின் போட்டவருக்கு அது ஆகாது. சாதாரண சைவச் சாப்பாடே போதும்.

முழங்கால் வலிக்கு வீல்சேர் கேட்பது நியாயம்தான், 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள். ஆனால் வீல்சேரிலும் உட்கார்ந்து, விமானத்திலும் உட்கார்ந்தே போனால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கழிப்பறை வரை போய் வாருங்கள். கணுக்காலைச் சுழற்றுவது உட்கார்ந்தபடியே செய்யலாம். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு.

கொலு, விருந்து, நயாகரா

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். கொலு வீடுகளில் பெரிய தொல்லை இல்லை. சுண்டல் உங்களுக்கு நல்லது, ஒரு வீட்டில் ஒரு கிண்ணம் தாராளமாகச் சாப்பிடலாம். சனிக்கிழமை ஒரே மாலையில் நாலு வீடு என்றால் சர்க்கரைப் பொங்கலை ஒரு வீட்டில் ஒரு கரண்டி என்று முடித்துக்கொண்டு மற்றதைத் தாம்பூலத்தோடு டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே டப்பாவில் கொடுத்தனுப்புவது வழக்கம்தான், யார் முகமும் வாடாது.

இரவு விருந்து வேறு. எட்டு மணிக்குச் சாப்பாடு என்று அழைப்பார்கள். கேக் வெட்டி, பிள்ளைகள் ஆடி, பந்தி ஆரம்பிக்க ஒன்பதரை ஆகும். வீட்டில் ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டு காரில் ஏறினால் பந்திக்கு முன்பே சர்க்கரை இறங்கிவிடும். பேனாவைக் கையோடு எடுத்துப் போங்கள். சாதாரணக் கலவை என்றால் பாத்திரங்கள் மேசைக்கு வந்த பிறகு, அனலாக் என்றால் தட்டில் சோறு விழுந்த பிறகு. நடுக்கம் வந்தால் 70-க்குக் கீழே என்று எடுத்துக்கொண்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அரை டம்ளர் ஜூஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். யாராவது பதற்றத்தில் கோலா டப்பா நீட்டுவார்கள். அதில் 'டயட்', 'ஜீரோ' என்று இருந்தால் அதில் சர்க்கரையே இல்லை, ஒரு பயனும் இல்லை.

எடிசனிலிருந்து நயாகரா சுமார் 630 கிலோமீட்டர், நம் மதுரை - சென்னையைவிட அதிகம். போக மட்டும் ஆறு, ஏழு மணி நேரம். நிறைமாத மகளோடு அந்தத் தூரம் போவது அவளுடைய டாக்டர் சொல்ல வேண்டியது. எனக்குச் சரியாகப் படவில்லை. அருவிக்குப் பக்கத்தில் போகும் படகு குளிர்காலத்தில் ஓடாது என்பதால் 'பிறகு போகலாம்' என்றால் இந்தத் தடவை படகு இல்லை, அவ்வளவுதான். கனடா கரையிலிருந்து பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அதற்குத் தனியாகக் கனடா விசா வேண்டும். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலோ, நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலோ போய்வருவது பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்குப் போதுமான உலா. எங்கே போனாலும் இன்சுலினை நிறுத்திய காரில் விடாதீர்கள். டிசம்பரில் அது உறையும்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட காலச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டினால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். புது பூட்ஸ் முதல் நாளே கொப்புளம் போடும். வீட்டுக்குள் ஒரு வாரம் போட்டுப் பழகி, தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். பனி உருகி மறுபடி உறைந்த நடைபாதை கண்ணுக்குத் தெரியாது, அந்தக் காலைகளில் வாக்கிங் வேண்டாம், மால் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாகிவிடும், அதைச் சுடுநீரில் வைத்து இளக்கித் தடவலாம். கால் விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள்.

பேரப்பிள்ளைக்கு

பிள்ளையைத் தொடும் முன் உங்களுக்குக் கக்குவான் இருமல் தடுப்பூசி, அதாவது டிடாப், கண்டிப்பாக வேண்டும். பிள்ளையைப் பார்க்க இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஃபுளூ தடுப்பூசியும் அப்படியே. இரண்டும் மதுரையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

தேன் ஒரு வயது முடியும் வரை நாக்கில் தொட்டும் வைக்கக்கூடாது. அதிலுள்ள ஒரு கிருமியால் பிள்ளைக்குத் தசை தளர்ந்து மூச்சே சிரமமாகும் நோய் வரலாம். வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968 முதலே தடை. உரை மருந்து, கண்மை இரண்டிலும் ஈயம் கலந்திருக்கும் சாத்தியம் இருப்பதால் அங்குள்ள குழந்தை டாக்டர்கள் கடுமையாக எதிர்ப்பார்கள். இதில் நானும் அவர்கள் பக்கம்தான். உங்களை வளர்த்தவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டுத் தட்டித் தூங்கவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிரசவ லேகியத்தை மகளின் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். கருப்பட்டி என்பதால் சர்க்கரை ஏறாது என்று எழுதியிருக்கிறீர்களே, ஏறும். மகளுக்கு உருட்டும்போது 'பதம் பார்க்கிறேன்' என்று வாயில் போடும் உருண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ்

'எல்லாமே கவர் ஆகும்' என்பது நடக்காத காரியம். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலான திட்டங்கள், அதுவும் தீவிரமான திடீர்ப் பிரச்சினையாக இருந்து, குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் மட்டும், ஒரு உச்சவரம்புக்குள் தரும். வழக்கமான பரிசோதனை, மாத்திரை, பல் வைத்தியம் எதுவும் சேராது. ஏஜென்டிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு உச்சவரம்பு எவ்வளவு, நாம் முதலில் கைக்காசு எவ்வளவு கட்ட வேண்டும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்ற நிர்ணயத் தொகைத் திட்டமா, மொத்தச் செலவில் பெரும்பங்கு தரும் திட்டமா. மலிவாக இருந்தால் பெரும்பாலும் முதல் வகைதான். அமெரிக்க பில்லுக்கு அது உறைபோடக் காணாது. அவசரப் பிரிவில் காசில்லை என்று திருப்பி அனுப்ப அங்கே சட்டம் இடம் தராது, ஆனால் பில் பின்னாலேயே வரும். காய்ச்சல், நீர்க்கடுப்பு போன்றவற்றுக்கு 'அர்ஜென்ட் கேர்' கிளினிக் போதும். கிளம்பும் முன் பல், கண் விழித்திரை, பாதம், கிட்னிக்கான கிரியாட்டினின் பரிசோதனை நான்கையும் மதுரையிலேயே முடித்துவிடுங்கள்.

எத்தனை மாதம்?

நுழையும்போது பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். எந்தத் தேதிவரை என்பது விசாவில் இல்லை, ஐ-94 பதிவில் இருக்கும், மருமகன் இறங்கியதுமே இணையத்தில் பார்த்துவிடட்டும். ஆறு மாதம் தருகிறார்கள் என்பதற்காக ஆறு மாதமும் இருக்க வேண்டியதில்லை. கொண்டு போகும் மருந்து 90 நாளுக்கு, அங்கே குளிர் கடுமையாவது ஜனவரியில், கணவர் இங்கே தனியாக. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் பொங்கல் விழா முடிந்ததும் நீங்கள் திரும்பி, அடுத்து சம்பந்தியம்மா போவதுதான் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. அதற்கே 110 நாள் வரும். 90 நாளுக்கு மேல் போகும் அந்த 20 நாள் மருந்து பற்றிக் கேள்வி வந்தால் காட்ட, டாக்டர் கடிதத்தில் தங்கும் தேதிகளையும் போடச் சொல்லுங்கள். முடியாது, மார்ச் வரை இருக்க வேண்டும் என்றால் டிசம்பரிலேயே அங்கே ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், மாத்திரை தீரும் வாரத்தில் தேடாதீர்கள்.

திரும்பும் பயணத்துக்கான ஊசிக் கணக்கையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்கே வரும்போது நாள் பத்தரை மணி நேரம் சுருங்கும், போகும்போது கூட்டியது போல வரும்போது குறைக்க வேண்டியிருக்கும்.